கிணறு இறைக்கிற அன்னைக்கு மீனையும் பாருங்க

காரைக்குடியிலிருந்து:

கோட்டயம் பக்கத்துக் கிணறுகளில் கிடைத்த கண்ணில்லாத சின்னக் கெளுத்திக்கு 1950-இல் மீன் ஆய்வாளர் ஏ.ஜி.கே. மேனன் வைத்த பேர் ஹொராக்லானிஸ் கிருஷ்ணை. அதே பேரினத்தில் 2012-இல் வந்த ஒன்றுக்கு நம்ம ராமேசுவரத்து அப்துல் கலாம் பேர். 2023-இல் வந்தது 'பாப்புலி', அதாவது மக்களுடையது. குழாயிலும் வாளியிலும் விழுந்த மீனை வீட்டுக்காரங்களே எடுத்துக் காட்டினதுக்கான மரியாதை அது. இந்தக் கெளுத்தி கேரளத்துச் செம்புறாங்கல் நிலத்தடியில் மட்டுமே பதிவாகியிருக்கு. நம்ம மண்ணிலும் செம்புறாங்கல் கிடக்கு. அதனால் இங்கேயும் இருக்கும்னு சொல்ல வரலை. தூர்வாரும்போது வர்ற உயிரைப் பார்க்காமலே வெளியே கொட்டிடக் கூடாது, அவ்வளவுதான்.

வலை போட்டுப் பிரயோசனம் இல்லை. இந்த மாதிரி மீன் கல் இடுக்கில் இருக்கும். நீர்மட்டம் இறங்கி ஊற்றுக்கண் திரும்பச் சுரக்கும்போதுதான் வெளியே வரும். மோட்டாரின் உறிஞ்சும் முனையில் மெல்லிய துணி கட்டாதீங்க. சேறு அடைத்து மோட்டார் தண்ணியில்லாமல் ஓடிக் கருகிடும். வெளியேறும் முனையில் ஒரு மீட்டர் நீளத்துக்கு மல்துணிப் பையைத் தளர்வாகக் கட்டி, அதன் அடிப்பாகம் தண்ணி நிறைந்த தொட்டிக்குள் முங்கியிருக்கும்படி விடணும். இல்லேன்னா அடிக்கிற வேகத்தில் மீன் நசுங்கிடும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பையைப் பாருங்க. கடைசி இரண்டடித் தண்ணியை மட்டும் வாளியும் கயிறுமாக இறைச்சு, வெள்ளைத் தாம்பாளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊத்திப் பார்க்கணும்.

டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது, புகை உள்ளேயே தேங்கி ஆளைக் கொன்றுடும். ஆள் இறங்குமுன் எரியும் விளக்கைக் கயிற்றில் விட்டுப் பாருங்க. விளக்கு அணைஞ்சால் யாரும் இறங்க வேண்டாம். அணையலைன்னாலும் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் பிடிச்சிருக்கணும்.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, ஏமாறுகிற இடத்தையும் சொல்லிடணும். நம்ம கிணற்றில் சிவப்பாக நெளியறது பெரும்பாலும் செம்புழு. அதுக்குத் துடுப்பு கிடையாது. உடம்பு வளையம் வளையமாக இருக்கும். அயிரை இருட்டில் கிடந்தால் வெளிறிப்போகும், ஆனால் புள்ளி மாதிரி கண் தெரியும். கொசுவுக்காக விட்ட கம்பூசியாவும் கப்பியும் மேல்தண்ணியிலேயே திரியும்.

கேரளத்து மீன் விரல்கணு அளவு, சுமார் 3 செ.மீ. தோலில் நிறமே கிடையாது. உள்ளே ஓடுகிற ரத்தம்தான் சிவப்பாகத் தெரியுது. கண் இருக்க வேண்டிய இடத்தில் குழி கூட இல்லை. மீசை நாலு ஜோடி.

அந்த மாதிரி எது வந்தாலும் அதே கிணற்றுத் தண்ணியில், மூடின வாளியில், ஈரச்சாக்கு சுத்தி நிழலில் வைங்க. குழாய்த் தண்ணி கலந்தால் குளோரினில் செத்துடும். இரை போட வேண்டாம். ஆழமில்லாத தட்டில் தண்ணியோடு விட்டு, பக்கத்தில் அளவுகோல் வைத்து, மேலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுங்க. படத்தை அழகப்பா பல்கலைக்கழக உயிரியல் ஆட்களிடமோ சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திலோ காட்டலாம். மீனை அன்றைக்கே அதே கிணற்றில் வாளியோடு அடிவரை இறக்கிச் சாய்ச்சு விடணும். பக்கத்துக் கிணற்றில் விடக் கூடாது.

செத்துப்போனால் ஃபார்மலின் வேண்டாம், மரபணுச் சோதனைக்கு உதவாமப் போயிடும். 95 சதவீத எத்தனாலில், மீனைவிடப் பத்து மடங்கு அளவு ஊத்தி வைங்க. துண்டுச்சீட்டில் பென்சிலால் ஊர், தேதி, கிணற்று ஆழம் எழுதி உள்ளே போடணும். பேனா மை கரைஞ்சிடும்.

கண்டனூரிலிருந்து:

பிளீச்சிங் பவுடர் பற்றி ஒரு வார்த்தை. தூர்வாரின கையோடு கிலோக் கணக்கில் கொட்டுறாங்க. ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் போதும். மூன்று மீட்டர் குறுக்களவு, இரண்டு மீட்டர் தண்ணி இருக்கிற கிணற்றில் சுமார் 14,000 லிட்டர். அதுக்கு 35 கிராம்தான் கணக்கு. அந்தச் சின்ன அளவே ஊற்றுக்கண் உயிர்களுக்கு ஆகாது. அதனால் முதல் இறைப்பில் துணிப்பையைப் பார்த்து முடிக்காமல் பவுடர் டப்பாவைத் திறக்காதீங்க. குடிக்காத கிணறு என்றால் பவுடரே தேவையில்லை.