டுலூத்திலிருந்து டூ ஹார்பர்ஸ்: ஏரிக்கரைச் சாலையா, நெடுஞ்சாலையா?

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் மின்னசோட்டா பக்கம் கார் ஓட்டிப் பழகியவர்களிடம் ஒரு சந்தேகம்.

ஜூன் கடைசியில் அம்மா, இரண்டு குழந்தைகளோடு டுலூத்திலிருந்து ஸ்ப்ளிட் ராக் கலங்கரை விளக்கம் வரை போகிறோம். டூ ஹார்பர்ஸ் வரை இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சற்று உள்ளே தள்ளிப் போகும் நான்கு வழி நெடுஞ்சாலை 61. இன்னொன்று, சுப்பீரியர் ஏரியை ஒட்டி நைஃப் ரிவர் வழியாகப் போகும் பழைய சாலை. டூ ஹார்பர்ஸுக்கு அப்புறம் 61 ஒன்றுதான், அதனால் குழப்பம் இந்த முதல் பாதிக்கு மட்டும்தான்.

வரைபடத்தைப் பார்த்தால், போகும்போது ஏரி நமக்கு வலப்பக்கம். இங்கே வண்டி ஓட்டுவதும் சாலையின் வலப்பக்கம்தான். முன் சீட்டில் அம்மாவுக்குக் கண்ணாடியை ஒட்டித் தண்ணீர் தெரியும். ஓரங்கட்டி நிறுத்தவும் எதிர்ச்சாரியைக் கடக்க வேண்டாம். திரும்பும்போது அந்த வசதி இல்லை, எல்லோரும் களைத்துத் தூங்குவார்கள். அதனால் போகும்போது ஏரிக்கரை, வரும்போது நெடுஞ்சாலை என்று நினைக்கிறேன். வீட்டுக்காரர் அதற்கு நேரெதிர்! முதலில் போய்ச் சேரலாம், வேடிக்கை அப்புறம் என்கிறார்.

எனக்குத் தெரிய வேண்டியது: அந்த மாதத்தில் காலையில் ஏரியிலிருந்து மூடுபனி ஏறி ஒன்றுமே தெரியாமல் போகுமா? அப்படியானால் எத்தனை மணிக்குக் கிளம்பலாம்? சின்னவளுக்கு வளைவு என்றாலே வாந்தி. பழைய சாலையில் வளைவுகள் அதிகமா? வழியில் கழிப்பறையோடு நிறுத்த நல்ல இடம் எது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.