அம்மாவின் கல்லீரல் ஆபரேஷன்: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 61 வயது. சினைப்பைப் புற்றுநோய். கார்போபிளாட்டின், பேக்ளிடாக்சல் என்ற மருந்துகளோடு கீமோ மூன்று சுற்று முடிந்துவிட்டது. இந்த நோயைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் சிஏ 125 அளவு 1,140-இலிருந்து 86-க்கு இறங்கியிருக்கிறது. அடுத்த மாதம் ஆபரேஷன் என்கிறார்கள். கர்ப்பப்பை, சினைப்பைகள், வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரை எல்லாவற்றையும் எடுக்க வேண்டுமாம்.

எங்களைக் கலங்க வைத்திருப்பது கல்லீரல்தான். சிடி ஸ்கேனில் அதன் வலப்பக்கம், உதரவிதானத்தை ஒட்டி 2 செ.மீ. கட்டி. கல்லீரலின் மேலுறையில் மட்டும் ஒட்டியிருந்தால் நோய் 3சி நிலை, உள்ளே சதைக்குள் இறங்கியிருந்தால் அதைவிட முற்றிய 4பி நிலை என்று டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். மேலே என்றால் உரித்து எடுத்துவிடலாம். உள்ளே என்றால் கல்லீரலில் ஒரு பகுதியையே வெட்ட வேண்டும்; அதற்குக் கல்லீரல் சர்ஜனும் கூட நிற்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற கட்டி எதையும் மிச்சம் வைக்காமல் எடுப்பதுதான் முக்கியம் என்று இரண்டு முறை சொன்னார். அந்தத் தாளை அம்மா மடித்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் நடந்திருக்கிறதா? முன்கூட்டியே எம்ஆர்ஐ எடுத்தது உதவியதா? தமிழ்நாட்டில் இரண்டு சர்ஜன்களும் சேர்ந்து செய்யும் இடம் எது? ஐசியுவில் எத்தனை நாள் இருந்தார்கள்? மீதி கீமோவை எப்போது தொடங்கினார்கள்? அப்புறம், முதலமைச்சர் காப்பீட்டில் எவ்வளவு கிடைத்தது என்பதும் தெரிந்தால் நல்லது.

நாட்டு மருந்து யோசனை மட்டும் வேண்டாம், தயவுசெய்து. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம், அதற்குள் சொன்னால் பெரிய உதவி.