மறு: லூனார் காஸ்டிக் – ‘நிலாக்காரம்’ பொருந்துமா?

வணக்கம் ஐயா.

வேண்டாத சதையைத் தீய்க்க மருத்துவர்கள் தொட்டு வைக்கும் சில்வர் நைட்ரேட் குச்சிக்கு ஆங்கிலத்தில் ‘லூனார் காஸ்டிக்’ என்று பெயர்; ‘லூனார்’ நிலாவைக் குறிக்கும், ‘காஸ்டிக்’ அரித்துத் தீய்ப்பதைக் குறிக்கும். அதற்குத் தமிழில் நீங்கள் தந்த ‘நிலாக்காரம்’ காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிலா ஐரோப்பிய ரசவாதிகளுடையது. அவர்கள் வெள்ளியைச் சந்திரனோடு சேர்த்துப் பேசியதால் சில்வர் நைட்ரேட்டுக்கு அப்படியொரு பெயர் வந்தது. தமிழில் வெள்ளி என்றாலே வானத்தில் வேறொரு கோள் இருக்கிறதே!

‘காரம்’ எனக்கு இன்னும் நெருடுகிறது. சித்த மருத்துவத்தின் 32 புறமருந்துகளில், சதையை அரிக்கும் மருந்தான காரமும் ஒன்று என்பது உண்மைதான். இன்றைய பாடநூலிலோ காரம் என்றால் அமிலத்துக்கு எதிரானது. சில்வர் நைட்ரேட் ஓர் உப்பு. போதாததற்கு, வெண்காரம் என்று போராக்ஸ் வேறு இருக்கிறது.

பொருளின் வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம். இந்த உப்பு 212 டிகிரி செல்சியஸில் சிதையாமல் உருகும். அதனால்தான் அக்காலத்தில் அச்சில் ஊற்றிக் குச்சியாக வார்க்க முடிந்தது. இப்போது 75 பங்கு இதுவும் 25 பங்கு பொட்டாசியம் நைட்ரேட்டும் கலந்து மரக்குச்சி நுனியில் ஏற்றித் தருகிறார்கள். கைக்குழந்தைக்குத் தொப்புள்கொடி விழுந்த இடத்தில் சிவந்த சதை துளிர்த்து நீர் கசிந்தால், மருத்துவர் இதைத் தொட்டு வைப்பதுண்டு. ஈரம் பட்டதும் வெள்ளி அயனிகள் சதையின் புரதத்தை உறையவைக்கும். மேலே பொருக்குக் கட்டும். சுற்றியுள்ள தோலில் பட்டால் அங்கேயும் புண்ணாகும், கறுக்கும். அயனி நுண்ணிய வெள்ளித் துகளாக மாறுவதால் வரும் கறை அது. தேர்தலில் நம் விரலில் வைக்கும் அழியாத மையிலும் இதே உப்புதான்.

இங்கே நெருப்பு இல்லை. ஆகவே சித்த மருத்துவத்தில் சூடு வைக்கும் முறையைக் குறிக்கும் ‘சுட்டிகை’யும் சரிவராது. தீய்ப்பது, கறுக்கச்செய்வது இரண்டையும் ‘கருக்கு’ என்ற ஒரே வினை சொல்லிவிடுகிறது. என் பரிந்துரை: கருக்குக்குச்சி. வேதிப்பெயர் சில்வர் நைட்ரேட்டாகவே இருக்கட்டும், அதை மாற்றவேண்டியதில்லை.

ஒரு செவிலியர் தாயிடம் சொல்வதாக நினைத்துப் பாருங்கள்: “தொப்புளில் கருக்குக்குச்சி வைத்திருக்கிறோம் அம்மா, அந்த இடம் கறுப்பாகத் தெரியும், பயப்படாதீர்கள்.” ‘காரக்குச்சி’ என்றால் அந்த அம்மாவுக்கு மிளகாய்தான் நினைவுக்கு வரும், பச்சைப்பிள்ளைக்கா என்று பதறிப்போவார்.

பனைமட்டையின் கூரிய ஓரமான பனங்கருக்கோடு குழம்புமே என்று யாராவது கேட்கலாம். ‘குச்சி’ சேர்ந்திருப்பதால் குழம்பாது என்று நினைக்கிறேன். பனங்காட்டுப் பக்கத்து நண்பர்கள் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.