கூலிக்குக் கொன்றவன் பேரில் ஒரு கலகக்குழுவா? (பி.ஜி.கே. பற்றி)

வரலாற்றுக்கொசு:
பக்கத்துத் திரியில் டிரம்மடி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "ஆம்ஸ்டர்டாம் பி.ஜி.கே. போல அரசியல் தெளிவுள்ள ஹார்ட்கோர் பங்க் குழு ஐரோப்பாவிலேயே கிடையாது" என்கிறார். ஹார்ட்கோர் பங்க் என்றால் அதிவேகமாக, ஆவேசமாகப் பாடும் ராக் இசை. அந்த மூன்றெழுத்தின் விரிவு பால்தசார் கெரார்ட்ஸ் கமாண்டோ. யார் இந்த கெரார்ட்ஸ்? 1584 ஜூலை 10 அன்று நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்து நின்ற டச்சுத் தலைவர் வில்லியம் ஆஃப் ஆரஞ்சைச் சுட்டுக் கொன்றவன். வில்லியம் தலைக்கு ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப் வைத்த விலை 25,000 கிரவுன். அந்தக் காசுக்குக் கொன்றவன் இவன். ராஜாவின் கூலியாள் பேரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு அரச எதிர்ப்பாம். நல்ல தெளிவு!

டிரம்மடி:
வாங்க சார், உங்களைத்தான் எதிர்பார்த்தேன். 1980 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் வோண்டல் தெருவில் என்ன நடந்தது? காலி வீட்டில் புகுந்து குடியிருந்தவர்கள் போட்ட தடுப்புகளை உடைக்க ராணுவ டாங்கியை இறக்கினார்கள். ஏப்ரல் 30, பியாட்ரிக்ஸ் நெதர்லாந்தின் அரசியானார். வெளியே "வீடு இல்லையா, முடிசூட்டலும் இல்லை" என்று ஊரே புகை மண்டலம். அந்த ராணி எந்த வம்சம்? ஆரஞ்சு வம்சம். அந்த வம்சத்தின் மூலவரைச் சுட்டவன் பேரை ஒரு குழு வைத்தால் அது யாரைக் குத்துகிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இன்னொன்று, கெரார்ட்ஸ் ஒரு பைசா வாங்கவில்லை. நாலாம் நாள் கண்டதுண்டமாக வெட்டிவிட்டார்கள்.

வரலாற்றுக்கொசு:
அவன் வாங்கவில்லை, அவன் குடும்பம் வாங்கியது. ரொக்கத்துக்குப் பதில் ஃபிராஞ்ச் கோந்தே பகுதியில் நிலம், கூடவே பிரபுப் பட்டம். கூலி கூலிதான். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் அது கூலி இல்லையா?

டிரம்மடி:
செத்தவனுக்குக் கூலி கொடுத்த கதையை உங்களிடம்தான் கேட்கிறேன். நான் இசையைப் பற்றிப் பேசினேன். 1983இல் பி.ஜி.கே. போட்ட "ஜோன்ஸ்டவுன் அலோஹா!" இசைத்தட்டை ஒரு தடவையாவது முழுசாகக் கேட்டதுண்டா?

வரலாற்றுக்கொசு:
கேட்டேன். நீங்கள் பால் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் கேட்டேன். கயானாக் காட்டில் 1978இல் 900க்கும் மேற்பட்டவர்கள் செத்த இடத்தை வைத்து ஒரு கேலித் தலைப்பு. அடுத்து 1986இல் "எதுவும் தப்பாகாது" என்று ஒரு எல்.பி. (பெரிய இசைத்தட்டு), அந்தத் 'தப்பு'வையே வேண்டுமென்று தப்பாக அச்சடித்தார்கள். குறும்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்டது பேரைப் பற்றி. கூலிக்காரன் பேர்.

வேகம்போதாது:
அண்ணன்மார்களே, இதெல்லாம் ஒரு வேகமா? ஆமர்ஸ்ஃபோர்ட் நகரத்து லார்ம் குழு இருக்கும்போது பி.ஜி.கே. பற்றி ஏன் இந்தச் சண்டை? 1984இல் ஸ்டான்க்ஸ் குழுவோடு ஆளுக்கொரு பக்கம் பகிர்ந்து லார்ம் போட்ட தட்டைக் கேளுங்கள். ஒரு நிமிடம்கூட ஓடாத பாட்டுகள், மூச்சுவிட இடமில்லை. குழு கலைந்த பிறகும் அதே ஆட்கள் சீயிங் ரெட் என்று ஆரம்பித்து அதே இடதுசாரி அரசியலைத்தான் பாடினார்கள்.

டிரம்மடி:
தம்பி, இது ஓட்டப்பந்தயம் இல்லை.

வேகம்போதாது:
உங்களுக்கு என்ன, லார்ம் கேசட்டைப் பதிந்து தருகிறேன் என்று என்னிடம் காலி கேசட் வாங்கிப் போனவர்தானே நீங்கள். கேசட்டும் வரவில்லை, பதிலும் வரவில்லை.

டிரம்மடி:
அதை இங்கே ஏன் இழுக்கிறாய்? தனிமடலில் பேசு.

வரலாற்றுக்கொசு:
பாருங்கள், கேசட்டுக்கும் குழுப் பேருக்கும் ஒரே நியாயம்தான்: வாங்கினவன் வாங்கவில்லை என்பான். என் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. 1581இல் டச்சுக்காரர்கள் "பிலிப் இனி எங்கள் ராஜா இல்லை" என்று எழுதி அறிவித்தார்கள். ராஜாவைத் தூக்கியெறிந்த தரப்பு வில்லியமுடையது, ராஜாவுக்காகச் சுட்ட தரப்பு கெரார்ட்ஸுடையது. கலகக்காரன் பேர்தான் வேண்டுமென்றால் முதல் தரப்பில் தேடியிருக்கலாமே!

டிரம்மடி:
உங்கள் கலகக்காரர் வில்லியம் குரலில்தான் டச்சு தேசிய கீதமே. "ஸ்பெயின் மன்னரை எப்போதும் மதித்தேன்" என்று அதில் அவரே சொல்கிறார். இன்றும் கால்பந்து மைதானத்தில் நெஞ்சை நிமிர்த்திப் பாடுகிறார்கள். யார் ராஜாவின் ஆள் என்று இப்போது சொல்லுங்கள் சார்!

எக்ஸ்ரசிகை:
நானூறு வருஷத்துக்கு முந்தைய பிணத்தை வைத்து இரண்டு ஆண்கள் இவ்வளவு எழுதுவதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஸ்பெயின்தான் வேண்டுமென்றால் தி எக்ஸ் என்ற டச்சு பங்க் குழுவைப் பாருங்கள். 1979இல் தொடங்கியவர்கள். 1986இல் 1936 ஸ்பெயின் புரட்சி பற்றி 144 பக்கப் புகைப்படப் புத்தகத்தோடு இரண்டு ஏழங்குலத் தட்டு போட்டார்கள். அரசியல் தெளிவு என்றால் அது.

வேகம்போதாது:
அக்கா, தி எக்ஸ் ஹார்ட்கோரே இல்லை.

எக்ஸ்ரசிகை:
ஆமாம், ஒரு நிமிடத்துக்கு மேல் பாடிவிட்டார்கள், மன்னித்துவிடுங்கள்.

டிரம்மடி:
எத்தியோப்பிய சாக்ஸபோன்காரரோடு ஜாஸ் வாசிக்கப் போன குழுவை இந்தத் திரியில் ஏன் கொண்டுவருகிறீர்கள்?

எக்ஸ்ரசிகை:
கெட்டாச்செவ் மெக்குரியா. அவருக்குப் பேர் இருக்கிறது. கொலைகாரன் பேர் மட்டும்தான் உங்களுக்கு நினைவில் நிற்கும் போல.

வரலாற்றுக்கொசு:
நன்றி அம்மா, சரியாகச் சொன்னீர்கள். கொலைகாரன், அதுவும் கூலிக்கு. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிரான்சுவா கியோன் என்று பொய்ப்பேர் சொல்லி, மதத்துக்காகத் தகப்பனைப் பறிகொடுத்த ஏழைப் புராட்டஸ்டண்ட் போல நடித்து உள்ளே புகுந்தான். செருப்பும் துணியும் வாங்க வேண்டும் என்று வில்லியம் தரப்பிடமே காசு கேட்டு வாங்கினான். அந்தக் காசில் துப்பாக்கி வாங்கினான். இரண்டு பக்கமும் காசு!

டிரம்மடி:
அப்படியானால் ஸ்பெயின் கொடுத்த காசில் சுடவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

வரலாற்றுக்கொசு:
நான் சொன்னது அதுவா? நான் சொன்னது இரண்டு பக்கமும் என்று. தமிழ்தான் படிக்கிறீர்களா? குழுவும் அப்படித்தான், அரசை எதிர்த்துவிட்டு இரண்டாவது எல்.பி.யை அமெரிக்காவின் ஆல்டர்நேடிவ் டென்டகிள்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் வழியாகப் போட்டது.

டிரம்மடி:
அது பங்க் பாடகர் ஜெல்லோ பியாஃப்ராவின் நிறுவனம், அமெரிக்க அரசாங்கமா சார்? அவரைப் பற்றி ஒரு வார்த்தை தெரியுமா?

வரலாற்றுக்கொசு:
பேச்சை மாற்றாதீர்கள். கூலி வாங்கினானா இல்லையா?

டிரம்மடி:
இல்லை.

வரலாற்றுக்கொசு:
குடும்பம்?

வேகம்போதாது:
என் கேசட்?