முகக்கவசமா, முகக்காப்பா? ஐஸ் ஹாக்கிக்குச் சொல் தேடல்

அனுப்புநர்: பயிற்றுநர், ரொறன்ரோ
பொருள்: ஐஸ் ஹொக்கி முகப் பாதுகாப்புக்குச் சொற்கள் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

ஸ்காபரோ, மார்க்கம் பகுதித் தமிழ்ப் பெற்றோருக்கும், வளர்ந்த பிறகு சறுக்கப் பழகி வார இறுதிகளில் விளையாட வரும் பெரியவர்களுக்கும் ஒரு கையேடு எழுதுகிறோம். தலைக்கவசம் வரை சிக்கல் இல்லை. முகத்தை மூடும் பொருளுக்கு வந்ததும் சொல் முட்டுகிறது. "முகக்கவசம்" என்று எழுதினால், 2020க்குப் பிறகு எல்லோருக்கும் மூக்கையும் வாயையும் மூடும் துணிதான் நினைவுக்கு வரும். அது கண்ணைத் திறந்து விட்டு வாயை மூடுவது. கடையில் அதிகம் விற்கும் "வைசர்" கண்ணை மூடி வாயைத் திறந்து விடுவது. ஒரே சொல்லால் இரண்டையும் சொல்ல முடியாது.

சொல் வேண்டிய பொருள்கள் நான்கு:

கேஜ்: பற்றவைத்த எஃகு அல்லது டைட்டேனியக் கம்பிகளால் ஆனது. நெற்றியிலிருந்து நாடி (மோவாய்) வரை மூடும். காற்று தாராளமாகப் புகும், மங்காது. கம்பிகளின் நிழல் கண்ணுக்கு முன் இருக்கும், சில நாட்களில் பழகிவிடும்.

முழு ஷீல்ட்: அதே பரப்பு, ஆனால் பாலிகார்பனேட். பார்வை தெளிவு. மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த உட்பக்கத்தில் படிந்து மங்கும்.

வைசர்: நெற்றியிலிருந்து மூக்கின் கீழ் விளிம்பு வரை மட்டும் தொங்கும் பாலிகார்பனேட். பல்லும் தாடையும் வெளியே.

கொம்போ: மேல் பாதி பாலிகார்பனேட், கீழ் பாதி கம்பி அல்லது காற்றுத் துளையிட்ட பிளாஸ்டிக்.

கனடாவின் தேசிய அமைப்பான ஹொக்கி கனடாவின் சிறுவர் பிரிவுகளில் சி.எஸ்.ஏ. (கனடியத் தர நிர்ணயச் சங்கம்) சான்று பெற்ற முழு முகப் பாதுகாப்பு கட்டாயம். அங்கே தெரிவு கேஜுக்கும் முழு ஷீல்டுக்கும் கொம்போவுக்கும் இடையில்தான். பெரியவர்களின் பொழுதுபோக்கு லீக்குகளில் விதி இடத்துக்கு இடம் மாறும், வைசரோடும் வெறும் முகத்தோடும் வருவோர் உண்டு. சொல் சரியாக இருக்க வேண்டியது அவர்களுக்காகத்தான். உடல்மோதல் இல்லாத லீக் என்பதால் ஆபத்து குறைவு என்று நினைக்கிறார்கள். புதிதாகப் பழகுபவர் சமநிலை தவறும்போது முதலில் மேலே எழுவது மட்டைதான்.

---

அனுப்புநர்: மொழியாசிரியர், சென்னை
பொருள்: மறு: ஐஸ் ஹொக்கி முகப் பாதுகாப்புக்குச் சொற்கள் வேண்டும்

வணக்கம் ஐயா. நல்ல தேவை.

பழந்தமிழில் போர்க்கவசத்துக்கு "மெய்ம்மறை" என்று ஒரு சொல் உண்டு. மெய்யை மறைத்துக் காப்பது. அந்த வழியில் பொதுச்சொல்லாக முகமறை, வைசருக்குக் கண்மறை என்று வைக்கலாம். கேஜுக்குக் கூண்டு, முழு ஷீல்டுக்கு கண்ணாடி முகமறை. சுருக்கமாக இருக்கின்றன, வேர் நம்முடையது.

---

அனுப்புநர்: உபகரணம் பழுதுபார்ப்பவர், மிசிசாகா
பொருள்: மறு: மறு: ஐஸ் ஹொக்கி முகப் பாதுகாப்புக்குச் சொற்கள் வேண்டும்

ஐயா, மெய்ம்மறை அழகான சொல். ஆனால் இந்தக் கையேட்டில் அது காலை வாரிவிடும். பட்டறையில் திருகின் புரிக்கும் உள்ளே நிற்கும் நட்டுக்கும் நாங்கள் "மரை" என்கிறோம். முகக் கேஜைத் தலைக்கவசத்தில் பொருத்தும் பத்தியில் திருகும் மரையும் வரிக்கு வரி வரும். "முகமறையின் மரை கழன்றால்" என்று ஒருவர் சத்தமாக வாசித்தால் கேட்பவருக்கு என்ன விளங்கும்? ற, ர வேறுபாட்டைப் பேச்சில் இழந்தவர்கள் பலர்.

இன்னொன்று, "கண்மறை" என்றால் பார்வையை மறைப்பது என்றுதான் முதலில் தோன்றும். பார்வை மறையும் என்ற அச்சத்தில்தான் பலர் கேஜை மறுக்கிறார்கள். நாமே அந்த அச்சத்துக்குப் பெயர் வைக்கக் கூடாது.

"கூண்டு" எனக்குப் பிடிக்கிறது, ஆனால் தனியாக நின்றால் கிளிக்கூண்டு. கம்பிக்காப்பு என்றால் பொருளும் வேலையும் சேர்ந்து வரும்.

திருகு பற்றிப் பேச்சு வந்ததால் கையேட்டில் சேர்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நெற்றியில் இரண்டு திருகுகள், பக்கங்களில் வளைந்த கொக்கிகள், அவற்றில் மாட்டும் வார்கள். நெற்றித் திருகு ஆட்டத்தின் அதிர்வில் மெல்ல மெல்லத் தளரும். தளர்ந்தால் கம்பிக்காப்பு கீழே சரிந்து, அடிபடும்போது மூக்குப் பாலத்தில் இடிக்கும். சில ஆட்டங்களுக்கு ஒருமுறை கையால் திருகி இறுக்குங்கள், மின்துளைப்பானால் வேண்டாம். மிகையாக இறுக்கினால் பாலிகார்பனேட்டில் துளையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு கிளம்பும்.

திருகு தளராமல் இருக்க மரைப் பசை தடவுபவர்கள் இருக்கிறார்கள். தெளிவான பிளாஸ்டிக்கில் அதைச் செய்யவே கூடாது. அந்தப் பசையின் வேதிப்பொருள் பாலிகார்பனேட்டைத் தாக்கி, இழுவிசை உள்ள இடத்தில் வெடிக்க வைக்கும். ரப்பர் வாஷர் போதும். தேய்ந்த திருகை மாற்றுங்கள்.

கம்பி வளைந்தால் குறடால் நிமிர்த்த வேண்டாம். பற்றவைப்பு முனையில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கும், அடுத்த அடி அங்கேதான் திறக்கும். பூச்சு உரிந்து அந்த முனைகளில் துரு தெரிந்தாலும் மாற்றும் நேரம்தான்.

---

அனுப்புநர்: கண் மருத்துவர், ஒட்டாவா
பொருள்: பெயர் எதைச் சொல்ல வேண்டும்

நண்பர்களே, வேர் ஆராயும் முன் ஒரு கேள்வி: பெயர் எதைச் சொல்ல வேண்டும்? எதனால் ஆனது என்பதையா, எதைத் திறந்து விடுகிறது என்பதையா? இரண்டாவதுதான் முக்கியம்.

காரணத்தைச் சொல்கிறேன். ரொறன்ரோவின் கண் மருத்துவர் டாக்டர் தோமஸ் பாஷ்பி 1974–75 பருவத்தில் கனடா முழுவதும் ஹொக்கிக் கண் காயங்களைக் கணக்கெடுத்தார். 258 காயங்கள், 43 கண்கள் பார்வை இழந்தன. அவர் போன்றோர் விடாமல் உழைத்ததால்தான் சி.எஸ்.ஏ. தரமும், அதன் பிறகு சிறுவர் ஹொக்கியில் முழு முகப் பாதுகாப்பும் வந்தன. அந்தக் காயங்களில் பெரும்பங்கு மட்டையால் வந்தது. வட்டு (பக்) 7.6 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. தடிப்பு, எடை 156 முதல் 170 கிராம். அது பயங்கரமானதுதான். ஆனால் மட்டை கீழிருந்து மேலாக வருகிறது. 2000 மார்ச்சில் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணி ஆட்டக்காரர் பிரையன் பெரார்ட் ஒட்டாவாவில் வலது கண்ணில் அடிபட்டது, எதிராளி வட்டை அடித்த பின் மேலே எழுந்த மட்டையால். அவர் வைசர் அணிந்திருக்கவில்லை. வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். புதிய ஆட்டக்காரர்களுக்கு வைசரைக் கட்டாயமாக்கியது 2013–14இல்தான்.

இன்னொரு தரவு. கனடியப் பல்கலைக்கழக ஆண்கள் அணிகளில் 1997–98 பருவத்தில் முழு ஷீல்ட் அணிந்தவர்களையும் அரை ஷீல்ட் (வைசர்) அணிந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். அரை ஷீல்டில் முகக் காயங்களும் பல் காயங்களும் சேர்த்து 2.5 மடங்குக்குச் சற்று மேல், பல் காயம் மட்டும் ஏறத்தாழ 10 மடங்கு. மூளை அதிர்ச்சியிலும் கழுத்துக் காயத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. "முழுதாக மூடினால் கழுத்துக்கு ஆபத்து" என்று உடைமாற்றும் அறைகளில் சொல்லப்படுவதற்கு அந்த ஒப்பீட்டில் ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆகவே "அரைமுகக் காப்பு" என்ற சொல்லை யாராவது முன்வைத்தால் நான் எதிர்ப்பேன். முகத்தில் பாதி காக்கப்படுகிறது என்று அது ஆறுதல் சொல்கிறது. வைசர் காப்பது கண்ணையும் மூக்கையும்தான். அதுவும் தலைக்கவசம் நேராக இருந்தால். நெற்றி வேர்க்கிறது என்று தலைக்கவசத்தைப் பின்னே தள்ளினால் விளிம்பு மூக்குக்கு மேலே ஏறிவிடும், மட்டை நுழையும் வழி திறந்துவிடும். சர்வதேச ஐஸ் ஹொக்கிச் சம்மேளனம் வைசரை அளப்பதும் மூக்கின் கீழ் விளிம்பைக் கொண்டுதான். கண்தகடு என்று வையுங்கள். கண்ணுக்கு மட்டும் என்று பெயரே சொல்லட்டும்.

பொதுச்சொல்லுக்கு முகக்காப்பு போதும்.

---

அனுப்புநர்: மொழியாசிரியர், சென்னை
பொருள்: மறு: பெயர் எதைச் சொல்ல வேண்டும்

டாக்டர் சொன்ன காரணத்துக்கு நான் இணங்குகிறேன். முகமறையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

"காப்பு" என்றால் வளையல், திருவிழாவுக்குக் கட்டும் காப்பு என்று யாராவது சொல்லக்கூடும். பாதுகாப்பு, காப்புறுதி என்று அந்த வேர் ஏற்கெனவே பரவியிருக்கிறது. முகம் முன்னால் வந்ததும் குழப்பம் தீர்ந்துவிடும்.

நான் சொன்ன "கண்ணாடி"யையும் விட்டுவிடலாம். மூக்குக் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, சன்னல் கண்ணாடி மூன்றும் குறுக்கே வரும். மேலும் உடையும் பொருள் என்ற எண்ணம் வரும். தகடு என்றதும் உலோகம் தோன்றலாம், ஆனால் பிளாஸ்டிக் தகடு பேச்சில் பழகிவிட்டது. ஒளி புகுவதைக் காட்டத் தெளிதகடு. எனவே முழு ஷீல்ட் தெளிதகட்டு முகக்காப்பு. நீளமாக இருந்தாலும் "முழு" என்று தனியே சொல்ல வேண்டியதில்லை, முகம் என்றாலே முழுவதும்தான்.

---

அனுப்புநர்: பயிற்றுநர், ரொறன்ரோ
பொருள்: வாக்கியத்தில் போட்டுப் பார்க்கிறேன்

அகராதி வரிசையில் அழகாகத் தெரியும் சொல் வாக்கியத்தில் விழுந்துவிடும். அதனால் பொருத்தும் முறையைப் புதிய சொற்களோடு எழுதிப் பார்த்தேன். இதுதான் வரைவு:

"முதலில் தலைக்கவசத்தைச் சரிசெய்க. அதன் விளிம்பு புருவத்துக்கு ஒரு விரல் மேலே நிற்க வேண்டும். தலையை ஆட்டினால் கவசமும் தோலும் சேர்ந்து அசைய வேண்டும், கவசம் மட்டும் சுழலக் கூடாது. அதன் பிறகே முகக்காப்பை மாட்டுக. கம்பிக்காப்பின் பக்க விளிம்புகள் தலைக்கவசத்தின் வெளிப்புறத்தின் மேல் படிய வேண்டும். இடைவெளி தெரிந்தால் அளவு பெரிது. உள்ளே நெருக்கினால் அளவு சிறிது. வாயை மூடிய நிலையில் நாடிக்கும் நாடிக்கிண்ணத்துக்கும் இடையே ஒரு விரல் மட்டும் நுழையலாம். இரண்டு விரல் நுழைந்தால் அடியின் விசை நாடியில் தாங்காமல் நெற்றிக்குப் போய், தலைக்கவசம் பின்னே சாயும்."

நாடியைத் தாங்கும் கிண்ணத்தை "நாடிக்கிண்ணம்" என்று துணிந்து எழுதிவிட்டேன். ஈழத்தில் நாடி என்றால் மோவாய். திருநெல்வேலியிலும் அப்படித்தான் சொல்வார்கள். சென்னை வாசகருக்கு நாடித்துடிப்பு தோன்றுமோ?

"தெளிதகட்டு முகக்காப்பின் உட்பக்கத்தைக் கையுறையால் துடைக்க வேண்டாம். மங்கல் தடுக்கும் பூச்சு உரியும், கீறல் விழும். மங்குவது பெரும்பாலும் இருக்கையில் ஓய்வாக அமர்ந்திருக்கும்போதுதான், சறுக்கும்போது காற்றோட்டம் அதைத் துடைத்துவிடும். கழுவ வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். சன்னல் துடைக்கும் அமோனியாத் திரவம் ஆகாது. காற்றில் உலர விட்டுத் துணிப்பையில் வைக்க. ஈரமான கையுறைகளோடு பையில் திணித்தால் ஒரு பருவத்திலேயே தகடு மங்கும்."

"மூக்குக் கண்ணாடி அணிவோருக்குக் கம்பிக்காப்பே ஏற்றது. கண்தகடு அணிந்தால் தகடும் கண்ணாடியும் இரண்டும் மங்கும். கண்ணாடியின் வில்லை பாலிகார்பனேட்டாக இருக்கட்டும்."

"எல்லா முகக்காப்பும் எல்லாத் தலைக்கவசத்துக்கும் பொருந்தாது. துளை வேறிடத்தில் இருந்தால் புதிதாகத் துளைக்க வேண்டாம், சான்று செல்லாமல் போகும். தலைக்கவசத்திலும் முகக்காப்பிலும் தனித்தனியே சி.எஸ்.ஏ. ஒட்டி இருக்கிறதா என்று பார்க்க."

கொம்போவுக்குத்தான் இன்னும் கை வரவில்லை. "கலப்புக் காப்பு" என்றால் கலப்படம் போல ஒலிக்கிறது. இருபாதிக் காப்பு? மேலே தெளிதகடு, கீழே கம்பி என்று ஒரு வரி விளக்கம் சேர்த்தால் நிற்கும்.

---

அனுப்புநர்: உபகரணம் பழுதுபார்ப்பவர், மிசிசாகா
பொருள்: மறு: வாக்கியத்தில் போட்டுப் பார்க்கிறேன்

இருபாதிக் காப்பு எனக்குச் சரி. அதன் குறையையும் எழுதுங்கள் அண்ணா: இரண்டு பாதியும் சேரும் விளிம்பு கீழ்ப்பார்வையில், வட்டு காலடியில் இருக்கும் இடத்தில் குறுக்கே நிற்கும். புதிதாகப் பழகுபவர் வட்டைக் குனிந்து பார்த்துத்தான் ஓட்டுவார். அவருக்குக் கம்பிக்காப்பு நல்லது, விலையும் குறைவு. மங்கலும் இல்லை.

கோல்காப்பாளர் அணிவதை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது தலைக்கவசமும் கம்பியும் ஒன்றாகச் சேர்ந்த தனிப்பொருள். கோல்காப்பாளர் ஜாக் பிளான்ட் 1959இல் போட்டியில் அணிந்த நாளிலிருந்து அதற்கு முகமூடி என்பதே பொருந்தும். அதில் அகன்ற கண் துளை உள்ள பூனைக்கண் வகையைக் கண்டு களத்தில் ஆடுவோரும் கேட்பார்கள். மட்டை நுனி நுழைய இடம் விடும் துளை அது. அவர்களுக்கு வேண்டாம் என்று தெளிவாக எழுதுங்கள்.

---

அனுப்புநர்: மொழியாசிரியர், சென்னை
பொருள்: மறு: மறு: வாக்கியத்தில் போட்டுப் பார்க்கிறேன்

நாடிக்கிண்ணம் இருக்கட்டும். உங்கள் வாசகர் யாரோ அவர் வீட்டுச் சொல்தான் முதலில். வேறு ஊருக்கு அச்சிடும்போது மோவாய்க்கிண்ணம் என்று மாற்றிக்கொள்ளலாம், பொருள் பிசகாது.

கடைசியாகப் புணர்ச்சி. கண் + தகடு இலக்கணப்படி "கட்டகடு" ஆகும் என்று யாராவது எழுதுவார்கள். விதி அப்படித்தான். ஆனால் "கண்துடைப்பு" என்று எல்லோரும் பிரித்தே எழுதுகிறோம், பொருள் உடனே தெரிகிறது. கட்டகடு என்று அச்சிட்டால் கண் காணாமல் போகிறது. கண்தகடு என்றே அச்சுக்குக் கொடுங்கள். அதன் கீழே, அதே எழுத்தளவில், "பல்லையும் தாடையையும் காக்காது" என்ற வரி இருக்கட்டும்.