கொலஸ்ட்ரால் சிதைகிறதா, கழிகிறதா? – ‘கழிமாற்றம்’ என்னும் சொல் குறித்து

அன்புடையீர், வணக்கம்.

உயிர்ச்சத்து சி-யும் (வைட்டமின் சி) அதன் சேர்மங்களும் விலங்குகளின் கொலஸ்ட்ரால் வளர்சிதை மாற்றத்தில் ஏற்படுத்தும் விளைவுகளைத் தமிழில் எழுதுகையில், ‘கேட்டபாலிசம்’ (உடலில் பெரிய மூலக்கூறுகள் சிறியவையாக உடைதல்) என்பதற்கு வழக்கிலுள்ள ‘சிதைமாற்றம்’ என்ற சொல்லையே ஆளலாம் என்று முன்மொழியப்பட்டது. குளுக்கோசுக்கு அச்சொல் பொருந்தும். அது கரியமில வாயுவாகவும் நீராகவும் முற்றிலும் சிதைந்துவிடுகிறது. கொலஸ்ட்ராலின் நான்கு கார்பன் வளையங்களையோ விலங்குடலால் உடைக்க இயலாது. கல்லீரல் அதன் ஏழாம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்தது) ஏற்றி, பக்கச் சங்கிலியைக் குறுக்கி, 27 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறை 24 கார்பன் அணுக்கள் கொண்ட பித்த அமிலமாக்கிப் பித்தநீரில் சேர்க்கிறது. மூன்று கார்பன்கள் கழல்வதைச் சிதைவு என்று யாரேனும் வாதிடலாம். வளையங்கள் குலையாமல் நிற்கும்வரை அவ்வாதம் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

இங்குதான் உயிர்ச்சத்து சி வருகிறது. கினிப் பன்றிக்கு, மனிதரைப் போலவே, அந்த உயிர்ச்சத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் திறன் இல்லை. உயிர்ச்சத்து சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வெளிப்படாத அளவில் நெடுநாள் பற்றாக்குறையில் வைக்கப்பட்ட கினிப் பன்றிகளில், பித்த அமிலம் உருவாகும் வேகம் குறைந்து கொலஸ்ட்ரால் தேங்குவதை ஆய்வாளர் எமில் கின்டர் 1973-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். அவருடைய தலைப்பிலும் சிதைவு இல்லை. உருமாற்றம் என்று பொருள்படும் சொல்லே உள்ளது. ஆயினும் தமிழில் ‘உருமாற்றம்’ புழு வண்ணத்துப்பூச்சியாவதற்கு நிலைத்துவிட்டது. (எலி தனக்கு வேண்டிய உயிர்ச்சத்து சி-யைத் தானே ஆக்கிக்கொள்வதால், கினிப் பன்றியில் கண்டதை அதன்மேல் அப்படியே ஏற்றிச் சொல்லவும் கூடாது.)

ஆகவே ‘கழிமாற்றம்’ என்பதை முன்வைக்கிறேன்: உடலிலிருந்து கழியத்தக்க வடிவுக்கு ஒரு பொருள் மாறுதல். வளர்மாற்றம் (சிறிய மூலக்கூறுகளிலிருந்து பெரியவை உருவாதல்), சிதைமாற்றம் ஆகியவற்றைப் போலவே இதுவும் வினைத்தொகை. ‘பித்தமாக்கம்’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். சித்த மருத்துவத்தின் வாத பித்த கபத்தோடு அது குழம்பும்.

ஒரு மறுப்பை நானே சொல்லிவிடுகிறேன். குடலுக்குச் செல்லும் பித்த அமிலங்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு கல்லீரலுக்கே திரும்புகின்றன. கொழுப்பைச் செரிக்கவும் உதவுகின்றன. அவற்றைக் கழிவு என்று இழித்துவிட முடியாது. ஆனால் நான் சொல்வது கழிவு அன்று, கழியும் வழி. திரும்பாத சிறு பங்கின் வழியாக, உடல் தான் வெளியேற்றும் கொலஸ்ட்ராலில் கணிசமான பகுதியை வெளியேற்றுகிறது.

வளையங்களையே உடைத்து உண்ணும் மண் பாக்டீரியாக்கள் சில உள்ளன. அவற்றுக்குச் ‘சிதைமாற்றம்’ என்பதை ஒதுக்கிவைத்தால், ‘உயிர்ச்சத்து சி குறையும்போது கினிப் பன்றியின் கல்லீரலில் கொலஸ்ட்ராலின் கழிமாற்றம் மந்தமாகிறது’ என்று எழுதும்போது, அந்த உயிர்ச்சத்து கொலஸ்ட்ராலைக் கரைத்துவிடும் என்ற தவறான பொருள் எழாது.