நல உதவியில் இருந்து வேலைக்கு மாறியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செந்தூல் பையன்:
ஏழைக் குடும்பங்களின் வருமானத்தைக் கூட்ட மலேசிய அரசு கொண்டுவந்த 1அஸாம் திட்டத்தில் அம்மாவுக்குத் தையல் மெஷின் கிடைத்த கதை உங்களில் பாதிப் பேருக்கு நடந்திருக்கும், அதை விடுங்கள். அதிகாரிகள் படம் எடுக்க வருவார்கள், புதுசாக இருக்கணும் என்று அம்மா பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கவில்லை. வந்தார்கள், எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து அதிகாரி வருமானப் புத்தகத்தைப் பார்த்தார். மூன்று ரவிக்கை, ஒரு பள்ளிச் சீருடை, மொத்தம் 65 வெள்ளி (ரிங்கிட்). "செமிங்கு கா, ஆண்ட்டி?" (ஒரு வாரத்துக்கா?) என்றார். ஒரு வாரத்துக்கு இல்லை, மூன்று மாதத்துக்கே அவ்வளவுதான். அம்மா தலையாட்டிவிட்டார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டு சும்மா இருந்தேன்.

பிறை அக்கா:
தம்பி, தலையாட்டியதில் தப்பே இல்லை. 1அஸாமில் கெர்ஜா (வேலை), நியாகா (வியாபாரம்), தானி (விவசாயம்), கிட்மாட் (சேவை) என்று நாலு பிரிவு இருந்ததே, ரவிக்கை தைக்கத் தெரிந்தால் வியாபாரமும் வரும் என்று உங்கள் அம்மாவை நியாகாவில் தள்ளியது யார்? என்னைக் கெர்ஜாவில் போட்டார்கள். 2013, குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி வந்த வருஷம், ஆலையில் ராத்திரி ஷிப்டு. "பிள்ளையை யார் பார்ப்பார்?" என்று கேட்டபோது மாமியார் என்றேன். மாமியார் இறந்துபோய் அப்போதே இரண்டு வருஷம்.

கெப்போங் டிரைவர்:
எனக்குப் பெரிய கதை இல்லை, வேலை போச்சு, இப்போது கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறேன். ஆனால் ஒன்று சொல்லணும். ஆள் குறைக்கும்போது நீங்களாகவே விலகுவதாக ஒரு கடிதத்தை நீட்டுவார்கள், கையெழுத்துப் போடாதீர்கள். 2018இல் வந்த வேலை காப்புறுதியில் தானாக விலகியவருக்கு ஒரு காசு கிடையாது. வேலை போன 60 நாளுக்குள் சொக்சோவில் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) மனு போடணும், முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அப்புறம் இறங்கிக்கொண்டே போகும், மிஞ்சினால் ஆறு மாதம். மைஃபியூச்சர்ஜாப்ஸ் என்ற வேலை தேடும் இணையத்தளத்திலும் பதிந்து வையுங்கள். நான் கையெழுத்துப் போட்டுத் தொலைத்தேன், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

செந்தூல் பையன்:
அண்ணே, அம்மா சம்பளத்துக்கே போனதில்லை, சொக்சோவுக்கு எங்கே போவது? நான் சொன்னது தையல் மெஷின் விஷயம். அக்கா, அப்புறம் பிள்ளையை யார்தான் பார்த்தார்கள்?

பிறை அக்கா:
எதிர்வீட்டு மலாய்க்கார நேனே (பாட்டி). மாதம் 250 வெள்ளி. பிள்ளை இன்றைக்கும் என்னைவிட நன்றாக மலாய் பேசுவாள்.